அவளைக் கேட்காமல் வைத்த கதவு

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு வெல்டிங் பட்டறையில் நடந்தது இது. நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. சொன்னால் என் முட்டாள்தனமும் சேர்ந்து வெளியே வரும்.

நானும் என் மனைவியும் கல்யாணமான புதிதிலிருந்தே ஆறு, காடு என்று கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள். பிள்ளைகள் வேலைக்குக் கோலாலம்பூர் போன பிறகு அது இன்னும் அதிகமானது. இது நடப்பதற்கு ஒன்றரை வருடம் முன்பு அவளுக்கு முதுகில் ஆப்பரேஷன் ஆனது. தரையில் படுக்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடாரம் அலமாரிக்கு மேலே போனது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கைப்பேசியில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் ஃபோம் பலகையை வெட்டி ஒட்டி, படுக்கை மட்டும் கொள்கிற அளவுக்குச் சக்கரம் வைத்த ஒரு சின்ன அறை செய்து, அதைச் சின்னக் காரில் இழுத்துக்கொண்டு போகிறார். "நல்லா இருக்குல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பேசியை வைத்துவிட்டாள். எனக்கு அது போதும்.

ஃபேக்டரியில் ஓவர்டைம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பட்டறையில் வேலையை ஆரம்பித்தேன். பட்டறைக்காரர் சீனர், என் வயதுதான். இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற பழைய ட்ரெய்லர் ஒன்று அவரிடம் சும்மா கிடந்தது. அதை வாங்கி, அதன் பதிவையெல்லாம் சரிசெய்துகொண்டேன். பின்னால் கூரை போட்ட இடத்தை அவரே ஒதுக்கிக் கொடுத்தார்.

முதல் வாரமே தப்புப் பசையை வாங்கித் தடவிவிட்டேன். நீல ஃபோம் சர்க்கரை மாதிரி கரைந்து குழி குழியாகிவிட்டது. பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார், உள்ளே போய் மரத்துக்குப் போடும் பசை டின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பலகைகளை ஒட்டி, மேலே கேன்வாஸ் துணியை இழுத்துப் போர்த்தி, அதன் மேல் வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயிண்டை மூன்று கோட் அடித்தேன். உள்ளே மெத்தை, ஒரு சின்ன ஃபேன், விளக்கு. பின்பக்கம் கதவு.

ஒரு நாள் பட்டறைக்காரர் அந்தக் கதவைப் பார்த்து, உன் மனைவி இதில் எப்படி ஏறுவாள் என்று கேட்டார். கைகளை ஊன்றி உள்ளே போனால் நேரே மெத்தைதான் என்றேன். அவர் "ஓ" என்று சொல்லிவிட்டு வெல்டிங் பண்ணப் போய்விட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கிளம்பலாம் என்று நான் மனதில் வைத்திருந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு, சனிக்கிழமை காலை, அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் பின்கதவைத் திறந்து ஃபேன், விளக்கு என்று விளக்கிக்கொண்டே போனேன். அவள் இடுப்பில் கை வைத்துக் கொஞ்சம் குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் குனியக் கூடாது என்பதற்காகவே ஆரம்பித்த வேலை. ஆனால் குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். நான் என் உடம்பை வைத்து அளந்து, எனக்கு ஏற்ற கதவாக வைத்திருக்கிறேன்.

பட்டறைக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தாள்.

"ஓவர்டைம்னு சொன்னது எல்லாம் இதுதானா?"

"ஆமா."

"ஆப்பரேஷன் பண்ணது முதுகுலதாங்க. வாயில இல்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. அவளே தொடர்ந்து சொன்னாள். "என்ன சாப்பிடணும், எந்த நாற்காலில உக்காரணும், என்னைக்கு கோயிலுக்குப் போகணும், எல்லாம் நீங்களே முடிவு பண்றீங்க. பாசத்துலதான். எனக்குத் தெரியும். ஆனா பார்சல் மாதிரி ஆயிட்டேன்."

நான், இந்தத் தடவை எங்கேயாவது ஹோட்டலில் தங்கிவிடலாம் என்றேன். அவள் காதில் வாங்கவே இல்லை. ஒரு மார்க்கர் பேனா கேட்டாள்.

பக்கச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். உட்கார வசதியான உயரத்தைத் தொடைக்குப் பக்கத்தில் கை வைத்துக் குறித்துக்கொண்டாள். திரும்பி, அங்கிருந்து தலைக்கு மேல் வரை பெரிதாக ஒரு கட்டம் போட்டாள். "கார்ல ஏறுற மாதிரி லா. முதல்ல உக்காரணும். அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ள திருப்பணும். பிசியோதெரபில சொல்லிக் குடுத்தாங்களே."

நான் ரம்பத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கை வரவில்லை. அத்தனை வாரம் செய்த சுவர். அறுத்தால் கூரை தொங்கிவிடுமோ என்று பயம். அவள் ரம்பத்தை வாங்கி, நின்றபடியே முதல் கோட்டை அறுத்தாள். ஃபோம் ரொட்டி மாதிரி அறுபட்டது. முடியெல்லாம் நீலத் தூள். மீதியை நான் அறுத்தேன். பட்டறைக்காரர் திறப்பைச் சுற்றி அலுமினியச் சட்டம் வைத்துக் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். அறுத்தெடுத்த துண்டையே கீல் வைத்துக் கதவாக மாட்டினோம். "இப்பதான் சரி" என்று மலாயில் அவளிடம்தான் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கிளம்பினோம். கடல் மேல் போகும் பினாங்குப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தபோது காரின் வேகத்தைக் குறைத்தேன். அவள் பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரைப் பார்த்துக்கொண்டே "வருது, வருது, நேரா வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கூலிம் தாண்டி ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தினோம். அவள் தன் கதவைத் திறந்து, உட்கார்ந்து, காலைத் திருப்பிப் படுத்தாள். நான் பின்கதவு வழியாகத் தவழ்ந்து போனேன். அதைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தாள்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு தினமும் காலையில் நான் கை கொடுத்துத்தான் அவள் கட்டிலை விட்டு எழுந்திருப்பாள். மறுநாள் நான் கண் விழித்தபோது நன்றாக வெயில் வந்திருந்தது. பக்கத்தில் அவள் இல்லை. பதறிப்போய், வெளியே வருவதற்குள் கூரையில் தலையை இடித்துக்கொண்டேன்.

அவள் ஆற்றைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தேநீர் போட்டு முடித்திருந்தாள். "நல்லா தூங்கினீங்க. எழுப்ப மனசு வரல" என்றாள்.

ஒன்றரை வருடமாக நான் அவளைத்தான் தாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். தானாக எழுந்து உட்கார்ந்திருந்த அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு, எங்கே கை கொடுக்க வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதை இன்றுவரை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.