நாற்பதாவது நிமிடத்துச் சொட்டு

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். அவ்வளவு படித்த ஒருவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் என் கையால் அவருக்கு நேர்ந்ததை நானே சொல்வதுதான் முறை.

அந்தத் தொட்டி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆள் நீளம், ஒரு பக்கம் கண்ணாடி, மலைச்சரிவு போன்ற சாய்வு. காத்திவாக்கத்தில் ஃபைபர் படகு கட்டும் எங்கள் பட்டறைக்குக் கல்லூரியிலிருந்து வந்த மேடம் அதைச் செய்து தரச் சொன்னார். காட்டு மலையில் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் எப்படிப் போகிறது என்பது அவர் ஆராய்ச்சி. எங்களோடு தரையில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுவார், மூக்குக்கண்ணாடியில் ஃபைபர் தூசியோடு.

"காட்டுல மழை மேல ஓடாதுண்ணா. வேர் போன வழியா இறங்கி, அடிப்பாறை மேலயே நகர்ந்து வரும். நாற்பதாவது நிமிஷம் அடியில முதல் சொட்டு விழணும், அதான் என் கணக்கு."

"இன்னாம்மா, தண்ணி உன் கம்ப்யூட்டரக் கேட்டுகினா எறங்கும்?" என்றார் எங்கள் பட்டறை மேஸ்திரி. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் மேடம்தான்.

தொட்டி முடிந்ததும் அவர் மண் எடுக்க மலைக்குப் போனார். அடியோரத்தில் ஆறு துளைகள் இருப்பதை மறுநாள்தான் பார்த்தேன். ஸ்டாண்டு மாட்ட அவரே டிரில் போட்டிருக்கிறார், இடம் தவறிவிட்டது, கேட்டால் சங்கடப்படுவார் என்று நினைத்தேன். உட்பக்கமாகப் படகுக்குப் பூசும் ரெசின் பசையைப் பூசிச் சத்தமில்லாமல் அடைத்தேன். வெளிப்பக்கம் பூசுவதற்குள் மண் வேன் வந்துவிட்டது; வெளியிலிருந்து பார்த்தால் துளைகள் அப்படியே தெரிந்தன. வேரோடு வெட்டி எடுத்த மண் காய்வதற்குள் அடுக்க வேண்டிய அவசரத்தில் அவரும் உள்ளே பார்க்கவில்லை.

மறுநாள் கல்லூரியிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. கணக்கு சரியென்று காட்டினால்தான் அவருக்குப் பட்டம். அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட மேலேயிருந்து தண்ணீர் தூவினார். நாற்பது நிமிடமாயிற்று, சொட்டவில்லை. ஐம்பது. கண்ணாடி வழியே அடியிலிருந்து ஈரம் ஏறுவது தெரிந்தது. திடீரென்று சரிவிலிருந்த மண் முழுவதும் பொத்தென்று இறங்கியது.

"நான்தாம்மா ஓட்டைய அடைச்சேன். தப்பாப் போட்டுட்டீங்கன்னு..."

"படகு கட்றவன் கைல ஓட்டையக் குட்த்தா வுடுவானா?" என்றார் மேஸ்திரி. யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா."

"கூச்சம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரிந்த நிமிடத்தை நோட்டில் எழுதினார். "தண்ணி போற வழிய அடைச்சா மலையும் இப்படித்தான் இறங்கும். இதையும் அவங்க பாக்கட்டும்." என்னை ஒரு சொல்கூடத் திட்டவில்லை.

மறுநாள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் திரும்பச் செய்து காட்டச் சொன்னார்கள். மாலை, புதிதாக மண் எடுக்க மேடம் மலைக்குப் பஸ் ஏறினார். மண் வெட்டித் தூக்க நானும் கூடப் போனேன்.