எனக்கு வந்த தோடம்பழங்கள்

பித்தப்பையை வெட்டி எடுத்துவிட்டு வீட்டில் கிடந்த என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தோடம்பழத்தோடுதான் வந்தார்கள். அதில் ஒன்றைக்கூட நான் தின்னவில்லை. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னைப் பார்த்துக்கொள்ளப் பண்டத்தரிப்பிலிருந்து அக்கா வந்து நின்றார். வந்ததும் முதல் வேலையாகப் பத்தியம் போட்டார். பழம் குளிர்மை. முட்டை, மீன், தக்காளி எல்லாம் கிரந்தி, புண்ணைச் சீழ் வைக்கும். மிஞ்சியது சோறும், மிளகும் உள்ளியும் போட்ட சரக்குக் கறியும்தான். வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிய ஆஸ்பத்திரியிலாவது சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்களா? குளிசையைக் கையில் தந்து அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபைப் பெண்கள் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, காயம் கெதியில் ஆற வேண்டும் என்று கண்ணை மூடி ஜெபித்தார்கள். ஆமென் சொல்லி முடியவும் அக்கா அவர்கள் கொண்டுவந்த பழத்தையே உரித்து அவர்களுக்கே கொடுத்தார். சாறு ஒழுக ஒழுகத் தின்றுகொண்டு என் சுகத்தை விசாரித்தார்கள். நான் ஒரு சுளை கேட்டேன்.

"வாயைக் கட்டாட்டிப் புண் ஆறாது. பேசாமல் கிட" என்றார் அக்கா. சபையும் ஓம் என்று தலையாட்டியது.

புண் ஆறவில்லை. தையல் ஓரம் விரிந்து நீர் கசிந்தது. பல் விளக்கினால் பல்லடி முரசில் இரத்தம் வந்தது. அக்கா பத்தியத்தை இன்னும் இறுக்கினார். சரக்குக் கறிக்குள் போட்ட கத்தரிக்காயும் போய்விட்டது.

கிளினிக்கில் காயத்தைப் பார்த்த டொக்டர், ஒரு இளம்பெண், என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். அக்கா பெருமையாக ஒப்புவித்தார். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"ஒப்பரேசன் செய்தால் ரத்தத்திலை விற்றமின் சி இறங்கிப்போடும் அம்மா. காயம் மூடுறதுக்கும் அதுதான் வேணும். மயக்கத்துக்குக் குடுக்கிற ஒரு வாயு பி பன்னிரண்டைப் பழுதாக்கும். அது முட்டை, மீன் மாதிரிச் சாப்பாட்டிலைதான் கிடைக்கும். ரெண்டையும் நிப்பாட்டிப் போட்டியள். இப்பிடியே விட்டால் திரும்ப வெட்டித் தைக்க வேண்டி வரும்."

இதைத் துண்டு வெட்டிய அன்றே ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். திரும்பும் வழியில், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்றார் அக்கா. அச்சுவேலிச் சந்தையடியில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, தோடம்பழம் வாங்கி, அவர் பார்க்க உரித்துத் தின்றேன். அன்றிலிருந்து முட்டையும் மீனும் தின்றேன். திரும்ப வெட்டாமலே காயம் மூடியது.

இந்த வருடம் அக்காவுக்கு முழங்காலில் ஒப்பரேசன். மகன் வீட்டில் கிடந்தார். நானும் தோடம்பழத்தோடு போனேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார். மருமகள் மரியாதை தெரிந்த பிள்ளை. பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனவள், உரித்த சுளைகளைத் தட்டில் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். மாமிக்குக் கூடாதாம், நான் சாப்பிட வேண்டுமாம். யார் சொன்ன பத்தியம் என்று கேட்டேன். மாமி சொன்னதுதானாம்.

தட்டைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தேன். அவர் மறுக்கவில்லை. ஒரு சுளையை வாயில் போட்டு, புளிக்கிறது என்று குறை சொன்னார். பிறகு தட்டு வெறுமையாகும்வரை நிமிரவில்லை.

"இன்னொண்டு உரி" என்றார்.

என் வயிற்றில் விரிந்து கிடந்த தையல் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தேன்.