யோசெப் கீறிய தெரு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்னெஸ் பூசைக்குச் சேலை உடுத்து, அதற்கு மேல் குளிர் அங்கியையும் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். கணவர் யோசெப் திரும்பியும் பார்க்கமாட்டார். காதில் தொலைபேசி இருக்கும். "யா அபு நாசர், கீஃப் ஹாலக்!" என்று அரபியில் சுகம் விசாரித்து அவர் போடும் சத்தம், மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் அவர்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடம் முழுவதற்கும் கேட்கும். அங்கே, சவூதியின் தமாம் நகரில், கோடையென்றால் மாலை நாலு மணி, மாரியென்றால் ஐந்து. சவூதிக்காரருக்கு ஞாயிறு வேலைநாள், ஆகவே யோசெப்புக்கும் வேலைநாள். அவர் சனிக்கிழமை பின்னேரப் பூசையோடு கடமையை முடித்துவிடுவார். வியாழனும் வெள்ளியும் அவருக்கு லீவு.

"மொன்றியலிலை இருந்துகொண்டு வெள்ளிக்கிழமை லீவெடுக்கிற ஒரே வேதக்காரன் நீங்கள்தான்," என்பார் அக்னெஸ்.

"பாப்பாண்டவர் கேட்டால் நான் மறுமொழி சொல்லுறன். நீர் போட்டு வாரும்."

ஐம்பத்து நாலு வயது யோசெப், தமாமில் இருக்கும் ஆறு கடைகளுக்கு மொன்றியலில் இருந்தபடி இணையத்தளம் நடத்துகிறார். தெப்பனர் என்கிற மூலைக்கடையில் சந்திக்கிற நம்மவர்கள் இதை இன்னும் முழுதாக நம்பவில்லை. சபானல் தெருவில் அவர் வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடியபோது, அரசாங்கம் இணையத்தளம் செய்யப் பழக்கும் ஆறு மாத வகுப்பு ஒன்றுக்கு அனுப்பியது. பாடம் பிரெஞ்சில்; பாதி விளங்கியது, மீதியைக் கணினியே சொல்லிக் கொடுத்தது. வகுப்பு முடிந்த அன்றே தன் பழைய முதலாளிக்கு ஒரு பெக்ஸ் அடித்தார். மன்னாரிலிருந்து போய், அபு நாசரின் திரைச்சீலைக் கடையில் பதினொரு வருடம் வான் ஓட்டியவர் அவர். "கடைப் பலகையைத் தெருவால் போகிறவன்தான் பார்ப்பான். இணையத்தளத்தை ஊர் முழுக்கப் பார்க்கும். இது செலவில்லை, முதலீடு" என்று தனக்குத் தெரிந்த அரபியில் எழுதினார். அபு நாசர் சம்மதித்தார். மற்ற ஐந்து கடைக்காரரும் அவருடைய வாய்ச்சொல்லுக்கு வந்தவர்கள்தான்.

யோசெப்பின் மேசைக்கு மேலே மடு மாதா படமும் தமாம் தொழுகை நேர அட்டவணையும் அருகருகே தொங்குகின்றன. தொழுகை நேரத்தில் அவர் அங்கே யாருக்கும் தொலைபேசி எடுப்பதில்லை. அந்தக் காலத்தில் பாங்கு கேட்டதும் கடைகள் பூட்ட, இவர் வானுக்குள் இருந்து விரல் மடித்துச் செபமாலை சொல்வாராம். இன்றைக்கும் அந்த நேரம் வந்தால் விரல்கள் தன்பாட்டில் மடியத் தொடங்கும்.

"சந்தைப்படுத்தும் உத்தி" என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்ட கொப்பி ஒன்று வைத்திருக்கிறார். திறந்தால் இரண்டே வரிதான். ஒவ்வொரு பக்கத்திலும் தொலைபேசி எண் தேங்காய் அளவில் இருக்க வேண்டும். கடைக்குப் போகிற வழி படமாக இருக்க வேண்டும். தமாமில் தெருப் பெயரும் இலக்கமும் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், லெபனான்காரன் பேக்கரிக்கு முன்னால் என்றுதான் பேச்சு. அந்தப் படத்தை யோசெப் மவுஸைப் பிடித்துத் தானே கீறுவார். அபு நாசரின் கடைக்குக் கீறியதில் பேக்கரியின் புகைபோக்கியும் இருந்தது, புகையும் இருந்தது.

"அப்பா, இது மெப்பா, கார்ட்டூனா?" என்று மகள் றொஷினி கேட்டாள்.

"பாத்தவன் மறக்கமாட்டான், பிள்ளை."

2007 மாசியில் அபு நாசரின் மகனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தகப்பன் ஓய்வெடுத்து, கடை இப்போது மகன் கையில். துபாய் நிறுவனம் ஒன்று டிஜிற்றல் மார்க்கெற்றிங் திட்டம் தந்திருக்கிறது. உங்கள் வழிப்படம் பிழை என்கிறார்கள். புதன்கிழமைக்குள், வானிலிருந்து எடுத்த செய்மதிப் படம் போட்டுச் சரியான வழியைக் காட்டாவிட்டால் அவர்களிடம் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தான். அபு நாசரின் கடை போனால் மற்ற ஐந்தும் பின்னால் போகும். அதைவிட, ஞாயிறு காலையில் "யா" என்று கூப்பிட ஒரு வாசல் இல்லாமல் போய்விடும். யோசெப்புக்கு அதுதான் பெரிய இழப்பாகப் பட்டது.

றொஷினி செய்மதிப் படத்தைத் திறந்து காட்டினாள். பேக்கரி இல்லை. அது நின்ற இடத்தில் பெரிய வணிக வளாகம் ஒன்று கிடந்தது.

"அப்பா, உங்கட அம்புக்குறி சுவரிலை போய் முட்டுது."

யோசெப் தமாமை விட்டு வந்து பதினாறு வருடம். நாலு வருடமாக வாடிக்கையாளர்களைச் சுவருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. "ஒருத்தரும் சொல்லேல்லையே," என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் காலை, மன்னிப்புக் கேட்க அபு நாசரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். கதைத்து முடித்துக் குசினிக்குள் வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மனிசனுக்கு முந்தியே தெரியுமாம், அக்னெஸ். சுவரிலை முட்டின ஆக்கள் எல்லாம் போன் அடிப்பினமாம். நம்பர்தான் பெரிசாக் கிடக்கே. அவர் தானே கதைச்சு, வழி சொல்லிக் கடைக்கு எடுப்பாராம். கதைச்ச ஆள் வெறுங்கையோடை திரும்புறேல்லையாம்."

"பேந்தேன் உங்களுக்குச் சொல்லாமல் விட்டவர்?"

யோசெப் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "சொன்னால் நான் திருத்திப் போடுவனாம். அந்தத் தெரு இப்ப வேறை எங்கையும் இல்லையாம். பின்னேரத்திலை அதைத் திறந்து வைச்சுப் பாக்கிறவராம். பேக்கரிக்குப் பக்கத்திலை யேமன்காரன்ரை தேத்தண்ணிக் கடையை விட்டிட்டாய் எண்டு ஏச்சு வேறை!"

செவ்வாய்க்கிழமையே செய்மதிப் படம் ஏறிவிட்டது. வழி சரி, அளவு சரி. மகன்காரனுக்குத் திருப்தி, துபாய்க் கதை அடங்கியது. யோசெப்பின் கொப்பியில் மூன்றாவது வரியும் சேர்ந்தது: வருடத்துக்கு ஒருமுறை தெருவை விசாரிக்க வேண்டும்.

ஆனால் பழைய படத்தை அவர் அழிக்கவில்லை. தேநீர்க் கடையைக் கீறினார். வெளியே இரண்டு முக்காலிகள் போட்டார். ஓரமாக, கதவு திறந்தபடி நிற்கும் வெள்ளை வான் ஒன்றையும் கீறினார். அதைத் தனிப் பக்கமாக்கி, எந்தப் பக்கத்திலிருந்தும் வழி வைக்காமல், முகவரியை அபு நாசருக்கு மட்டும் சொன்னார். அவருடைய பேத்தி அதைக் கிழவரின் கணினித் திரையில் ஒரு தட்டில் திறக்கும்படி வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

அதிலிருந்து, லீவு நாளான வெள்ளிக்கிழமையும் யோசெப் மேசைக்கு வந்து, அன்றைக்கு எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறக்கிறார். மற்றப் பக்கங்களுக்கு நூறு, இருநூறு. அடியில் கிடக்கும் அந்தப் பக்கத்துக்குக் காலையில் பூச்சியம். அபு நாசருக்கு எழுபத்தொன்பது வயது. ஒரு நாளைக்கு அந்தப் பூச்சியம் மாறாமலே நிற்கும் என்று யோசெப்புக்குத் தெரியும். அதனால்தான் வயிற்றில் ஒன்றும் போடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்து மணி தாண்ட, அங்கே பின்னேரமாகிவிட, பூச்சியம் ஒன்றாகிறது.

"தேத்தண்ணி ஆறுது!" என்று அக்னெஸ் குசினிக்குள் இருந்து கத்துகிறார்.

"பொறும், இப்பதான் ஆள் வந்திருக்கிறார்."

மவுஸின் அம்பு அந்த வரியின் மேல் நிற்கிறது. அந்தத் தெருவைப் பார்க்க யோசெப்புக்கும் ஆசைதான். ஒரு தட்டுத் தட்டினால் போதும்; ஆனால் ஒன்று இரண்டாகிவிடும். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து, மற்றக் கைக்குள் வைத்துப் பொத்திக்கொள்கிறார்.