குடிக்குமுன் இரண்டு குளிசை

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் உள்ள ஒரு மருந்துக்கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். என் கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சீமெந்து மூட்டைகள் வைக்கும் களஞ்சியத்தில் மூட்டை தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினார். கெட்டிக்கார ஓட்டுநர். ஒரு மூட்டை கிழியாமல் கூரை வரைக்கும் அடுக்கிவிடுவார் என்று அங்கே வேலை செய்கிறவர்களே சொல்வார்கள்.

அவர் சனிக்கிழமைகளில் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு, நெற்றியில் ஈரத் துவாயோடு கிடப்பார். பாத்திரம் விழுந்தால்கூடக் கத்துவார். பின்னேரமானதும், "இனிச் சத்தியமாத் தொடமாட்டன்" என்பார். அந்த நேரத்தில் அதை உண்மையாகவே சொன்னார் என்று நினைக்கிறேன். சில வாரங்களில் திங்கட்கிழமையும் எழும்ப ஏலாது. அப்படி நாலைந்து திங்கள் போனபிறகு களஞ்சியத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு முறை சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றால் வேலை போய்விடும். மகள் ஓ லெவல் சோதனை எழுதுகிற வருடம் அது.

குடிக்கிறவர்களுக்கென்று ஒரு குளிசை கடைக்கு வந்ததும் அந்த மாதம்தான். உப்புவெளிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வருகிற காலம் என்பதால், முதலாளி கொழும்பிலிருந்து ஒரு பெட்டி எடுப்பித்து, காசு வாங்குகிற மேசையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். குடிப்பதற்கு முன் இரண்டு போட்டால் மறுநாள் தலையிடி, சத்தி ஒன்றும் வராது என்று மட்டையில் எழுதியிருந்தது. சாப்பிட்டபிறகு, பெரிய கிளாஸ் தண்ணீரோடு எடுக்கவேண்டும் என்று உள்ளே சின்ன எழுத்தில் இருந்தது.

பின்னேரங்களில் கடையின் பின்அறையில் நோயாளிகளைப் பார்க்கும் டொக்டர் அம்மாவிடம் அதைக் காட்டினேன். அவர் மட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"விற்றமினும் ஏதோ மூலிகையும் போட்டிருக்கினம். இது தலையிடியைத் தடுக்கும் எண்டதுக்கு ஒழுங்கான ஆதாரம் ஒண்டும் இல்ல. குறைச்சுக் குடிச்சாத் தலையிடி குறையும், அவ்வளவுதான்."

ஆகவே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. தெரிந்துகொண்டுதான் அந்த வெள்ளிக்கிழமை ஒரு மட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இதென்ன?" என்று கேட்டார்.

"நாளைக்குக் குடிக்கமுந்தி ரெண்டு போடுங்கோ. நல்லாச் சாப்பிட்டிட்டு, ஒரு கிளாஸ் தண்ணியோட."

"நீரே குடிக்கச் சொல்லுறீரோ?" என்று சிரித்தார்.

"குடிக்கவேண்டாம் எண்டா கேக்கிறீங்களோ? திங்கக்கிழமை வேலைக்குப் போங்கோ எண்டு சொல்லுறன்."

சனிக்கிழமை நான் சொன்னபடியே செய்தார். பாரை மீன் குழம்போடு வயிறு நிறையச் சோறு தின்றார், தண்ணீர் குடித்தார், இரண்டு குளிசை போட்டார். வயிறு நிறைந்திருந்ததால் வழக்கத்தில் பாதிகூடக் குடிக்க ஏலவில்லை. மறுநாள் ஏழு மணிக்கே எழும்பி, சந்தைக்குப் போய் நண்டு வாங்கி வந்தார். நண்டை நானே கழுவுகிறேன் என்று குசினிக்குள் வந்து நின்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை நான் அப்படிக் கண்டதில்லை.

சோறும், தண்ணீரும், சாராயத்தைக் குறைத்துக் குடித்ததும்தான் வேலை செய்தன என்று எனக்கு விளங்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை. குளிசையை நம்பியாவது சாப்பிட்டுவிட்டுக் குடிக்கட்டும் என்று விட்டேன். என்னுடைய கெட்டித்தனம் என்று அதை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் தண்ணீர் குடிக்கிற பழக்கம் போனது. பிறகு சோறு போனது. குளிசை மட்டும் மிஞ்சியது. "அதான் மருந்து போட்டிட்டனே" என்பார். சனிக்கிழமையோடு புதன்கிழமையும் சேர்ந்தது, பிறகு வேலை முடிந்து வருகிற எல்லாப் பின்னேரமும். முன்பு தலையிடிக்குப் பயந்து வாரத்தில் மற்ற ஆறு நாளும் சும்மா இருந்தார். அந்த வீட்டில் எனக்காகப் பேசிய ஒன்றே ஒன்று அவருடைய தலையிடிதான். அதன் வாயையும் நானே அடைத்துவிட்டேன்.

ஒருநாள் பொறுக்க ஏலாமல் சொன்னேன்.

"அது மருந்தில்ல. வெறும் விற்றமின்."

"அப்ப என்னண்டு எனக்குத் தலையிடி வரேல்ல?"

"வருது. நீங்கள் ஒத்துக்கொள்ளுறேல்ல. கண்ணைப் பாருங்கோ. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கக் கை நடுங்குது."

"நீர்தானே கொண்டந்து தந்தனீர்?"

கொண்டுவருவதை நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்து அவரே கடைக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் முதலாளியிடம் இரண்டு மட்டை கேட்டார். வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். முதலாளி என்னைக் கண்டார். கண்டுவிட்டு, குளிசையைக் கடதாசிப் பையில் போட்டு அவரிடம் நீட்டினார்.

அடுத்து வந்த வியாழக்கிழமை காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதே அவரிடம் சாராயம் மணத்தது.

"இண்டைக்கு லீவு போடுங்கோ" என்றேன்.

"எனக்கு ஒண்டுமில்ல. தலை தெளிவாத்தான் இருக்கு."

வாசலை மறித்து நின்றிருக்கலாம். மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து ஒளித்திருக்கலாம். களஞ்சியத்துக்கு நானே போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அலுமாரிக்குள் கிடந்த எச்சரிக்கைக் கடிதம்தான் கண்முன் நின்றது. சாப்பாட்டுப் பார்சலைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

பத்து மணிபோல் கடைக்குப் போன் வந்தது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, மூட்டை எண்ணிக்கொண்டு நின்ற ஒரு தொழிலாளியை அவர் காணவில்லை. அந்த மனிதரின் வலது பாதத்துக்கு மேல் பின்சில்லு ஏறிவிட்டது. சம்பூர்க்காரர், முப்பது வயதுபோல் இருக்கும். என் கணவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே போட்டிருந்த மர வாங்கில் அந்த மனிதருடைய மனைவி இருந்தாள். பஸ்ஸில் வந்திருந்தாள். மடியில் அவருடைய ஒரு செருப்பு இருந்தது. நான் யார் என்று சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் தள்ளி இருந்து எனக்கு இடம் தந்தாள்.

கொஞ்ச நேரத்தால் கேட்டாள்: "அக்கா, உங்கட அவர் காலமை குடிச்சிருந்தவரோ? ஆக்கள் அப்பிடிக் கதைக்கினம்."

"இல்லத் தங்கச்சி. காலமை அவர் குடிக்கேல்ல."

அது பொய்யில்லை. அவர் குடித்தது முதல் நாள் இரவு. 'காலமை' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அவள் தலையாட்டி, என் கையைப் பிடித்தாள். அவள் பிடித்திருந்த அந்தக் கையை வெட்டி எறியவேண்டும்போல் இருந்தது.

பொலிசார் என் கணவரை அன்றைக்கே வைத்தியரிடம் காட்டியிருந்தார்கள். அவருடைய இரத்தத்தில் சாராயம் இருந்தது. வழக்கு நடந்து தண்டம் கட்டினோம். வேலையும் போனது, வாகன லைசனும் போனது. சம்பூர்க்காரருக்குப் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

வேலை போன அன்று வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இதுதான்: "நீ தந்த குளிசையாலதான் எல்லாம்." அதுவரை என்னை அவர் 'நீர்' என்றுதான் சொல்லி வந்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் காயத்துக்குக் கட்டும் துணி வாங்க எங்கள் கடைக்கு வந்தாள். நான் அங்கே வேலை செய்வது அவளுக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"காலமை குடிக்கேல்ல எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"இரவு குடிச்சதை ஏனக்கா சொல்லேல்ல? நான் உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ இருந்தனான்."

துணியைச் சுற்றிக் கொடுத்தேன். காசை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு அவள் எங்கள் கடைக்கு வரவில்லை.

அந்தப் பெட்டி இன்னும் மேசையில் இருக்கிறது. முடிய முடிய முதலாளி புதிது வைக்கிறார். வேலை செய்யுமோ என்று யாராவது கேட்டால், செய்யாது, குறைத்துக் குடியுங்கோ என்று சொல்கிறேன். இதற்காக முதலாளி என்னை இரண்டு முறை ஏசிவிட்டார். நான் சொன்னாலும் வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள். சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள்.

என் கணவர் வீட்டில் இருக்கிறார். குளிசை போடுவதை விட்டுவிட்டார், குடியை விடவில்லை. காலையில் நான் வெளிக்கிடும்போது திரையை மூடிக்கொண்டு படுத்திருப்பார், தலை வெடிக்கிறது என்று முனகுவார். முன்பென்றால் பக்கத்தில் போயிருப்பேன். இப்போது சோற்றை மூடி வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கதவைச் சாத்துகிறேன். எனக்கு எட்டு மணிக்குக் கடை திறக்கவேண்டும்.