மருமகளை அழவைக்கும் கிழங்கு

என் கணவர் நசாரியோவுக்குச் சும்மா இருக்க வராது. கோக்கா இலையை வாயில் அடக்கியவர் அது ஊறும் முன்பே எழுந்துவிடுவார். அவர் பொறுக்க மாட்டாமல் செய்த ஒன்றுக்கு வாழ்நாள் முழுக்க அலைந்தார்.

எங்கள் மலைச்சரிவு லைமி என்னும் ஏழு சுழற்சி வயல்களாகப் பிரிந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றில் மட்டும் உருளைக்கிழங்கு; மற்ற ஆறில் அவரை, பார்லி, அப்புறம் வெறும் புல். முறை தவறி உருளை நடக்கூடாது என்பது ஊர்க் கட்டு. அதைக் காவல் காப்பவர் அராரிவா. அந்த ஆண்டு அந்தப் பொறுப்பு என் அண்ணன் ஹிலாரியோவுடையது.

முந்தைய ஆண்டுப் பனி எங்கள் விதைக்கிழங்கைத் தின்றுவிட்டது. மருமகளை அழவைக்கும் கிழங்கு என்ற உருளை ரகத்தில் மட்டும் ஒரு கூடை மிஞ்சியது. முண்டும் முடிச்சுமான அதைத்தான் கல்யாணத்தன்று மாமியார் என் கையில் கொடுத்துச் சீவச் சொன்னார்; முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். எங்கள் ஊரில் வேறு எந்த வீட்டிலும் அந்த விதை இல்லை. அந்த ஆண்டு உருளை முறை வந்ததோ உச்சி லைமிக்கு. அங்கே பனி இன்னும் கொடியது.

நசாரியோ வீட்டருகே அவரை வயலுக்குள், வரிசைகளின் நடுவே, யாருக்கும் சொல்லாமல் அதை நட்டுவிட்டார். முளைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மண் ஈரமாக இருந்தும் இலைகள் நண்பகலில் துவண்டன. ஒரு செடியைப் பிடுங்கி, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் என்னிடம் நீட்டினார்.

"டீச்சர், குஸ்கோவுல காலேஜ்ல படிச்சியே, இது என்னன்னு சொல்லு."

வேர் இழைகளில் வெள்ளை மணிகள் ஒட்டியிருந்தன. ஊசிமுனை அளவுதான். ஒன்றிரண்டு பொன்னிறமாகத் தொடங்கியிருந்தன.

"புழு. எல்லாம் பொம்பளைங்க. மண்ணுல முட்டையாத் தூங்கிட்டிருந்துச்சு. உருளை வேர் வாசம் பட்டதும் குஞ்சு எழுந்து வந்து வேருக்குள்ள பூந்திருச்சு."

"ஆம்பளை?"

"மெலிஞ்சு நெளிஞ்சு மண்ணுல அலையும்."

"பாவம், என் சாதி" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"பொன்னு பழுப்பாகும். அப்ப தாய் செத்துரும். அவ தோலே கெட்டியாகி முட்டைக்குப் பெட்டியாயிரும். உதிர்ந்தா வருசக்கணக்கா கிடக்கும். மழைத்தண்ணி பக்கத்து வயலுக்கும் இழுத்துட்டுப் போயிரும்."

"உதிர எத்தனை நாளு?"

"கிழங்கு முத்துறதுக்கு முன்னாடியே."

"இப்பவே பிடுங்கினா?"

"எழுந்த புழு வேரோட சாகும். மண்ணுக்கு நல்லதுதான். ஆனா விதை போயிரும்."

வாசலுக்கும் வயலுக்குமாக நடந்தார். கூழைக் கையில் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். மறுநாள் காலை ஹிலாரியோ வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"மாப்ள, வெள்ளையாப் பூக்குற உன் அவரை என்னடா ஊதாப் பூ பூக்குது?"

"புது ரகம் மச்சான்."

"என் கண்ணு என்ன மூக்குலயா இருக்கு? ஊரு கூடுறதுக்குள்ள நீயே ஒரு முடிவு பண்ணு. நான் இன்னும் பாக்கல."

"ஒரு மாசம் விடு மச்சான். எங்கம்மா கொடுத்த விதை."

"கீழே என் வயலும் இருக்குடா."

நசாரியோ என்னைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க மணிகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. திடீரென, மிதித்து உழும் கால்கலப்பையை எடுத்து மண்ணைப் புரட்டி, வேர் அறாமல் ஒவ்வொரு செடியாகத் தூக்கினார். அண்ணனும் வேலி தாண்டி வந்து குனிந்தார். நான் வரப்பில் நெருப்பு மூட்டினேன். பட்டாணி அளவு பிஞ்சுகளும் நெருப்பில் போயின. அன்று முழுக்க நசாரியோ கலப்பை நுனியைக் கழுவினார், திரும்பவும் கழுவினார்.

அதன் பிறகு சந்தை சந்தையாகப் போனார். முண்டுக்கிழங்கு எங்கே கண்டாலும் ஒன்று வாங்கி வருவார். நான் சீவுவேன்.

"அழுகை வருதா?"

"எரிச்சல்தான் வருது."

"அப்ப இது இல்ல" என்று மறுவாரமே கிளம்பிவிடுவார்.

கடைசியாகக் கொண்டுவந்த மூன்றை என்னிடம் சீவக் கொடுக்கும் முன் காய்ச்சலில் படுத்தார். பிறகு எழவில்லை.

வீட்டருகு லைமிக்கு இந்த ஆண்டு உருளை முறை. அண்ணன் மண்ணைப் புரட்டி வைத்திருக்கிறார். மூன்று கிழங்கிலும் முளை கட்டிவிட்டது. அதுதானா என்று சீவிப் பார்க்கவில்லை. நாளை அப்படியே மண்ணில் வைக்கப்போகிறேன். பூக்கும்போது நிறத்தில் தெரியட்டும்.