கும்மிக்கு ஒரு கை

கரப்பான் வந்த பிள்ளைக்குத் தகப்பனாக இருப்பது ஒரு முழுநேர உத்தியோகம். லீவு கிடையாது, தெருவில் போகிறவரெல்லாம் மேலதிகாரி. உங்கள் வீட்டிலும் யாராவது ‘வறட் வறட்’டென்று சொறிகிற சத்தம் கேட்டால், நீங்களும் என் சக ஊழியர்தான். வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

2007-இல் மஸ்கட் வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்குத் திரும்பினோம். மனைவி மல்லிகாவுக்குக் கடலூரில் டீச்சர் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். எனக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே ஆங்கிலக் காகிதங்களைத் தமிழாக்கும் பிழைப்பு. ஆகவே இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் தாரணியின் தோல் என் இலாகா ஆயிற்று.

ஈரம் காய்வதற்குள்

முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், மணிக்கட்டு. இந்த மூன்று இடங்களும் சிவந்து, வெடித்து, சில நாள் நீர் கசியும். தோல் டாக்டரம்மா சொன்ன வைத்தியம் கேட்க எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கக் குளியல், உடம்பில் ஈரம் காய்வதற்குள் வெள்ளைக் களிம்பு. சிவந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு மருந்து, அவர் சொல்கிற நாள் வரைக்கும். நகத்தை ஒட்ட வெட்டுவது என் பொறுப்பு. குளித்துவிட்டு ஓடுகிற பிள்ளையைத் துண்டோடு துரத்திப் பிடித்துத் தடவிப் பாருங்கள், தெரியும். ஒருநாள் ஓட்டம் முடிகிறபோது வாசல் கதவின் தாழ்ப்பாளுக்கும் சேர்த்தே தடவியிருந்தேன்.

தாரணிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டாக்டரம்மாவிடம் அவளே கேட்டாள், “இது மத்தவங்களுக்கு ஒட்டுமா?” அவர் அவள் கையைப் பிடித்தபடியே சொன்னார்: “ஒட்டாது கண்ணு. ஒங்கப்பா அப்புற களிம்புதான் எல்லார் மேலயும் ஒட்டும்.”

வாசலில் வேப்பிலை

மல்லிகாவின் தம்பி குமார் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவன். அக்கா மகள் மேல் உயிர். பைக்கில் ஒரு கட்டு வேப்பிலையோடு வந்து இறங்கினான். “இங்கிலீஷ் மருந்து ஜாஸ்தி ஆனா சூடு மாமா. இத கொதிக்க வெச்சு ஊத்துங்க.” டாக்டரைக் கேட்காமல் எதையும் ஊற்ற மாட்டேன் என்றேன். “சரி, கேட்டுட்டே ஊத்துங்க. அதுவரைக்கும் நெழல்ல காயட்டும்” என்று கட்டை வாசல் நிலையில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டான்.

மஸ்கட்டில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு வந்ததில், வாசலில் வேப்பிலை தொங்கினால் ஊர் அதை எப்படிப் படிக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மறுநாள் பால்காரர் மணி அடிக்கவில்லை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, பாலைக் காம்பவுண்டு சுவரில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் எட்டிப் பார்த்ததும் குரலைத் தணித்துக் கேட்டார்: “ஆத்தா எறங்கியிருக்கற வூடு, சத்தம் போடக் கூடாதுன்னு நின்னேன் சார். கொழந்தைக்கு மொதத் தண்ணி என்னைக்கு ஊத்துறீங்க?”

கோலாட்டம்

வேப்பிலைக் கட்டை உடனே அவிழ்த்தேன். ஆனால் தாரணிக்கு அம்மை என்ற செய்தி எனக்கு முன்பே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆண்டு விழாவுக்கு அவள் வகுப்பில் கும்மி பழகிக்கொண்டிருந்தார்கள். எதிரில் நிற்கிறவளின் உள்ளங்கையில் தட்ட வேண்டும், கடைசியில் எல்லோரும் கை கோத்துச் சுற்ற வேண்டும். தாரணிக்கு ஜோடி கண்மணி. அவள் அம்மா செல்வி, கீழ சன்னதியில் பூக்கட்டி விற்பவர். கையைத் தொட்டு ஆட வேண்டாம் என்று வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் சில அம்மாக்களும் அதையே சொன்னார்கள்.

ஒட்டுகிற நோய் இல்லை என்று டீச்சரிடம் விளக்கினேன். “எனக்குத் தெரியும் சார், அவுங்களுக்கு யாரு புரிய வெக்கிறது?” என்றவர், யாரையும் நோகடிக்காமல் ஒரு வழி கண்டுபிடித்தார். கும்மியை எடுத்துவிட்டுக் கோலாட்டம் வைத்தார். நல்ல மனசுதான், இன்றும் அவர் மேல் எனக்கு மரியாதை. அன்று சாயங்காலம் களிம்பு தடவக் கையை நீட்டியபடி தாரணி சொன்னாள்: “கோலாட்டத்துல யாரும் யாரையும் தொட வேணாம்ப்பா. அதான் மாத்திட்டாங்க.”

பிசிர் வெளியே

விழாவுக்குப் பச்சைப் பாவாடை, சிவப்புச் சட்டை. பளபளக்கிற நைலான் துணி, தாரணிக்கு அது முள்வேலி. கடலூரில் மல்லிகாவுக்குப் பழக்கமான டெய்லரிடம் போனோம். உள்ளே என் பழைய வேட்டித் துணியை லைனிங் கொடுத்து, தையல் பிசிர் எல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைக்கச் சொன்னேன்.

அவர் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். தாரணியின் மணிக்கட்டைக் கண்டதும் டேப்பை எடுத்தார். பிசிரின் மேல் ஜரிகை நாடா வைத்து மறைத்தது அவருடைய சொந்த யோசனை, அதற்குத் தனியாகக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: “நான்தான் தெச்சேன்னு வெளிய சொல்லிடாதீங்க சார், அப்புறம் எவனும் எங்கிட்ட லுங்கி மூட்டக்கூட குடுக்க மாட்டான்.”

பறந்த கோல்

கடைசி ஒத்திகைக்கு அம்மாக்களெல்லாம் வந்திருந்தார்கள், அப்பா நான் ஒருவன். மார்கழிக் காற்றுக்குத் தோல் வெடிக்குமே என்று உள்ளங்கை வரைக்கும் களிம்பைத் தாராளமாக அப்பி அனுப்பியிருந்தேன். பாட்டு தொடங்கியதும் தாரணியின் கோல் வழுக்கிப் பறந்து ஹெட்மிஸ்ட்ரஸின் காபி டம்ளரைச் சாய்த்தது. எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த சுற்றில் அது ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் புடவையைத் துடைத்துக்கொண்டே, “குச்சியெல்லாம் வேணாம், பழைய கும்மியவே வெச்சுடுங்க” என்றார்.

பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். தாரணி கையை நீட்டவில்லை, பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். கண்மணி தன் அம்மாவைப் பார்த்தாள். செல்வி எழுந்து வந்தார். தாரணியின் கையை இழுத்துத் திருப்பி, மணிக்கட்டை விரலால் தடவிப் பார்த்தார். “அம்மைக் கொப்புளம் இப்பிடி இருக்காதே?” என்று என்னைக் கேட்டார். “அம்மை இல்லம்மா, கரப்பான். ஒட்டாது” என்றேன். அவர் கையை விடவில்லை. நாளெல்லாம் ஈரப் பூவையும் நாரையும் பிடித்து வெடித்துப்போன விரல்கள் அவருக்கு. அதில் ஒட்டிய களிம்பை இன்னொரு கையிலும் தேய்த்துக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்து ஒரு அதட்டு: “என்னாடி பாக்குற, புடி அந்தக் கைய. ஒட்டுறதா இருந்தா மொதல்ல எனக்கில்ல ஒட்டணும்!”

ஆண்டு விழா முடிந்ததும் ஒரு வகுப்பே தாரணியின் களிம்பு ஒட்டி வழுக்கும் உள்ளங்கையோடு குழாயடியில் சோப்புக்கு முட்டிமோதிக்கொண்டு நின்றதே, இந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.