பாரிசுக்குப் போன ஓமத்தூள்

யாழ்ப்பாணத்து இணுவிலில் சுகிர்தா ஓமம் வறுக்கும்போது, கொஞ்சம் அள்ளி உள்ளங்கையில் தேய்த்து மணந்து பார்த்த பிறகே அடுப்பை அணைப்பாள். வேர்க்கொம்பு என்ற சுக்கும் உப்பும் சேர்த்து இடித்து, தகரப் பேணியில் அடைத்து, மூடியைச் சுற்றிப் பிளாஸ்ரர் ஒட்டி, பாரிஸ் போகும் யாரிடமாவது கணவனுக்குக் கொடுத்துவிடுவாள். தவநாதனுக்கு அங்கே ஓயாத நெஞ்செரிவு.

"இஞ்சேர், போனமுறை கருக்கிப்போட்டாய்," என்று தொலைபேசியில் சீண்டுவான்.

"கருகினது உங்கடை நாக்கு. டொக்டரிட்டைப் போனனீங்களோ?"

"உன்ரை தூள் இருக்கேக்கை டொக்டர் என்னத்துக்கு?"

மாசியில் அவன் இறந்துபோனான். இரைப்பையில் புற்றுநோய் என்றார்கள். அங்கே நடந்த செத்தவீட்டை அவள் கைப்பேசியில்தான் பார்த்தாள். தன் தூளை நம்பித்தான் மனுசன் வைத்தியம் பார்க்காமல் இருந்துவிட்டான் என்ற எண்ணம் அவளை அரித்தது. சந்தையில் ஓமத்தின் மணம் வந்தாலே அந்தக் கடையை விட்டு விலகி நடந்தாள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கேதீஸ்வரன், பாரிசில் தவநாதனோடு ஒரே அறையில் இருந்தவன், இறந்தவனுடைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே ஐந்து பேணிகள். ஒன்றிலும் பிளாஸ்ரர் உரிபடவில்லை.

"திறக்கவேயில்லையே! கருகிப்போச்செண்டு சொன்னாரே?"

கேதீஸ்வரன் நிலத்தைப் பார்த்தான்.

"இரண்டு வருசமா ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் வந்தவர், அக்கா. இதுகளைத் தொடவேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர். 'அனுப்பாதை எண்டு சொன்னால் என்ரை நோயைச் சுகிர்தா விளங்கிக்கொண்டிடுவாள்' எண்டு சொல்லுவார்."